முளைப்பாரி வீட்டில் மாசசூசெட்ஸ்

வெங்கடேஸ்வரி அமெரிக்க வரலாற்றில் இரண்டு முறை தோற்றவள். இந்தியாவில் தேறினாள், தமிழ்நாட்டில் தேறினாள், ஐரோப்பாவைக்கூட ஒருவழியாகக் கரையேற்றிவிட்டாள். அமெரிக்கா மட்டும் அவளுக்குப் பிடி கொடுக்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் தேர்வு மையத்தில் கேள்வித்தாளைக் கையில் வாங்கியதுமே மாகாணங்களின் பெயர்கள் ஒன்றோடொன்று குழம்பி, எந்த ஊரில் யார் யாரை அடித்தார்கள் என்பது மறந்துபோகும். எழுதி முடித்துவிட்டு, பால்கோவா வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவாள். வீட்டில் கேட்டால், "பரவால்ல, எழுதிருக்கேன்" என்பாள். தோற்ற செய்தி வரும்போது பால்கோவா தீர்ந்து மாதக்கணக்காகியிருக்கும் என்பதால் யாரும் அவளைத் திட்ட முடிந்ததில்லை.

மூன்றாவது முறை அவள் தேறினாள், அதுவும் நல்ல மார்க்கோடு. ஆனால் அந்த மார்க்கைவிடப் பெரிய ஒன்றை அதற்கு முன்பே ஊரில் வாங்கிவிட்டாள். அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

வயது நாற்பத்து மூன்று. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் வேலை. சோழபுரத்துக்குப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவள். மில் வேன் விடிவதற்குள் வந்து ஏற்றிக்கொண்டு போகும். படிப்பு பிளஸ் டூவோடு நின்றிருந்தது. மகன் பாலகணேஷ் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போய் வீடு காலியானதும், தபால் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். ஏன் வரலாறு என்று கேட்டவர்களிடம், "அதுலதான் கணக்கு கெடையாது" என்றாள். அது சுத்தப் பொய். அவள் கணவன் தங்கச்சாமி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். காஷ்மீரில் தொடங்கி அஸ்ஸாம்வரை பார்த்துவிட்டு வந்தவன் என்பதால், உலகத்தில் எந்த நாட்டைப் பற்றிப் பேச்சு வந்தாலும் வீட்டில் அவன் ஒருவனே பேசுவான். என்றைக்காவது ஒரு நாள் அவன் பேச்சுக்குக் குறுக்கே புகுந்து, "அது அப்படி இல்ல" என்று சொல்ல வேண்டும். அவள் பி.ஏ. சேர்ந்ததற்கு வேறு காரணம் கிடையாது.

படிக்கத்தான் இடமில்லை. மில்லில் இயந்திரச் சத்தம், வேனில் பாட்டுச் சத்தம், வீட்டில் தங்கச்சாமி. ஆகவே அவள் வருடம் முழுவதும் காத்திருப்பது சித்திரைப் பொங்கலுக்குத்தான். ஊர் அம்மனுக்குப் பெண்கள் முளைப்பாரி போடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மண்சட்டி. அதில் வைக்கோலும் எருவும் மண்ணும் இட்டு, பச்சைப்பயறும் தட்டைப்பயறும் மொச்சையும் தூவி, எல்லாச் சட்டிகளையும் கோயிலை ஒட்டிய முளைப்பாரி வீட்டில் வரிசையாக வைத்துவிடுவார்கள். வெயில் படக்கூடாது. ஊர்வலம் புறப்படும்வரை விரதம் இருக்கும் ஒருத்தி மட்டும் உள்ளே போய் தண்ணீர் தெளிக்கலாம். ஆம்பிளைகள் அந்தப் படியில்கூடக் கால் வைக்கக்கூடாது. சில வருடங்களாக அந்த ஒருத்தி வெங்கடேஸ்வரிதான். மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, பூச்சட்டி நெருப்பில் சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, மேலே இருக்கும் சின்ன ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பாள். வெளியே போகிறவர்கள் அவள் அம்மன் போற்றி சொல்கிறாள் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போவார்கள். உள்ளே பச்சைப்பயறு மாசசூசெட்ஸ் மாகாணத்து விவசாயிகளைப் பற்றிக் கேட்டுக்கொண்டு வளரும்.

அந்த வருடம் அவள் படித்தது அமெரிக்கா விடுதலை அடைந்த பிறகு நடந்த கதை. முன்பு இரண்டு தடவை உருப்போட்ட பாடம்தான். இந்த முறைதான் அது அவளுக்குப் புரிந்தது, ஏனென்றால் இந்த முறை அது வெளியே தெருவிலும் நடந்துகொண்டிருந்தது.

தெருவில் நடந்தது இது. மூன்று வருடங்களுக்கு முன் கோயிலுக்குக் குடமுழுக்கு செய்தார்கள். பக்கத்து ஊர்க் கோபுரம் மூன்று நிலை என்பதால் இங்கே ஐந்து நிலை கட்டியே தீருவது என்று கமிட்டி முடிவெடுத்தது. பணம் பாதியில் நின்றது. கமிட்டித் தலைவர் ஆண்டிச்சாமியும் அவரைப் போல நாலைந்து தோப்புக்காரர்களும் கடன் கொடுத்தார்கள், வட்டிக்குத்தான். அம்மனிடம் வட்டி வாங்கலாமா என்று யாராவது கேட்டிருக்கலாம். கேட்க வேண்டிய நேரத்தில் எல்லோரும் கோபுரத்தின் மேல் கருடன் சுற்றுகிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கடனை அடைக்க தலைக்கட்டு வரியை ஏற்றினார்கள். கல்யாணமான ஒவ்வொரு ஆண் பேரிலும், ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு என்று திருவிழாவுக்குக் கொடுப்பதுதான் தலைக்கட்டு வரி. எல்லோருக்கும் ஒரே வரி. தென்னந்தோப்பும் மாந்தோப்பும் பம்பு செட்டும் உள்ள ஆண்டிச்சாமிக்கும் அதே வரி. அவர் தோப்பில் தேங்காய் பொறுக்கும் வெள்ளைத்தாய் வீட்டுக்கும் அதே வரி. ஆண்டிச்சாமி ஒரு கையால் வரி கட்டி, மறு கையால் அதைப்போலப் பல மடங்கு வட்டியாக வாங்கிக்கொண்டார். கட்ட முடியாதவர்களின் பெயரைச் சாயங்காலம் மைக்கில் வாசித்தார்கள். வாசித்தவன் கமிட்டிப் பொருளாளர். பட்டாளத்துக் குரல், கண்மாய்க்கு அந்தப் பக்கம்வரை கேட்கும். ஆமாம், தங்கச்சாமிதான்.

விதை போட்டு முளை கண்ட பிறகு கமிட்டி இன்னொரு முடிவை அறிவித்தது. வரி பாக்கி வைத்த வீடுகளின் முளைப்பாரி ஊர்வலத்தில் வரக்கூடாது. அவற்றை வெங்கடேஸ்வரி தனியே ஒரு மூலையில் ஒதுக்கி வைத்துவிட வேண்டும்.

அன்றைக்கு மதியம் வெள்ளைத்தாய் முளைப்பாரி வீட்டுச் சுவருக்கு வெளியே வந்து நின்றாள்.

"ஏட்டி வெங்கடேசு, எம் பாரி எப்படி வந்திருக்கு?"

"நல்லா நெடுநெடுன்னு வந்திருக்குக்கா."

வெள்ளைத்தாய் சுவரை ஒட்டி வந்து சொன்னாள்: "தேவதானத்துக்காரவிய பொங்கலுக்கு வாராவ. எம் மக சத்யப்பிரியாவுக்குப் பூ வச்சிட்டுப் போனவிய. ஊரே பாரி தூக்கிட்டுப் போகையில நான் மட்டும் வெறுங்கையோட நின்னா அவிய என்ன நெனப்பாவ? அதுவும் போக, மொளைச்ச பயிரைத் தண்ணியில கரைக்காம வாட விட்டா குடும்பத்துக்கு ஆகுமா? கல்யாணப் பிள்ளை இருக்க வீடு."

வெள்ளைத்தாயின் கணவன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன். கால் முறிந்து ஒரு வருடமாக வீட்டில் இருக்கிறான். அந்த வீடு பிழைப்பது அவளுடைய இரண்டு கைகளால். "ஒம் பாரி வரும்க்கா, நீ போ" என்று வெங்கடேஸ்வரி சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டாள். எப்படி வரும் என்று அவளுக்கே தெரியாது. சொன்ன பிறகு பயம் வந்தது.

சாயங்காலம் தங்கச்சாமி விரதச் சாப்பாட்டைக் கொண்டுவந்து படிக்கு இந்தப் பக்கம் வைத்தான். அவள் கதவைக் கொஞ்சமாகத் திறந்து எடுத்துக்கொண்டு, காலித் தூக்குச்சட்டியை வெளியே வைத்தாள்.

"பாக்கிக்காரவிய பாரியை ஒதுக்கிட்டியா?"

"ஒரு கதை சொல்லுதேன், கேளுங்க. அமெரிக்காவுல ஷேஸ்னு ஒருத்தன். கேப்டன்."

தங்கச்சாமி தன்னை அறியாமல் நிமிர்ந்து நின்றான். "பட்டாளத்துக்காரனா?"

"வெள்ளக்காரனோட சண்டை போட்டு நாட்டை வாங்கிக் குடுத்த பட்டாளம். சண்டை போட்டவியளுக்குச் சம்பளம்னு காகிதத்தைக் குடுத்தாவ. பின்னால காசு தாரோம்னு எழுதின சீட்டு."

"காசு குடுக்கலையா?"

"குடுக்கல. வீட்டுக்கு வந்தா அடுப்பு எரியணும்லா. அந்தச் சீட்டை வந்த வெலைக்கு வித்துட்டாவ. பணக்காரன் ஒண்ணுக்குக் காலா வாங்கி வச்சிக்கிட்டான். பொறவு மாகாணம் சொல்லுது, சீட்டு வச்சிருக்கவனுக்கு வட்டியோட முழுசா குடுக்கணும்னு. அதுக்கு வரி போட்டுச்சு. யாரு மேல? தலைக்கு இம்புட்டுன்னு எல்லார் மேலயும். பதினாறு வயசானா வரி. சீட்டை வித்தானே பட்டாளத்துக்காரன், அவன்தான் அந்தச் சீட்டுக்கு வரியும் கட்டணும். கட்டலைன்னா கோர்ட்டுல மாட்டை ஏலம் விட்டாவ, நெலத்தை ஏலம் விட்டாவ."

தங்கச்சாமி தூக்குச்சட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அவன் பேசாமல் நிற்பதை அவள் அன்றுதான் பார்த்தாள்.

"பொறவு என்ன ஆச்சு?"

"இன்னும் அங்கன வரைக்கும் படிக்கல. நாளைக்குச் சொல்லுதேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். படித்திருந்தாள். ஆனால் கதையை எங்கே நிறுத்த வேண்டும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

மறுநாள் அவன் சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே வந்துவிட்டான். அவள் மீதியைச் சொன்னாள். மனுக் கொடுத்துப் பார்த்தார்கள், யாரும் கேட்கவில்லை. பிறகு ஊர் ஊராகத் திரண்டு போய், தொப்பியில் பச்சை இலையைச் செருகிக்கொண்டு, கோர்ட்டு வாசலில் நின்றார்கள். நீதிபதி உள்ளே போக வழியில்லை. கோர்ட்டு கூடாவிட்டால் ஏலமும் இல்லை. அடக்கப் படை அனுப்பலாம் என்றால் மாகாணத்தின் கஜானாவில் காசு இல்லை. பாஸ்டன் நகரத்துப் பணக்காரர்கள் கைக்காசைப் போட்டுப் படை திரட்டினார்கள்.

"வரியால லாபம் பாத்தவனே படையும் அனுப்புனானா?" என்றான் தங்கச்சாமி.

"ஆமா."

இரண்டு பேரும் கோயில் பக்கம் பார்த்தார்கள். அங்கே ஆண்டிச்சாமி பந்தல்காரனோடு சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார். அவர் தங்கச்சாமிக்குச் சித்தப்பா முறை.

"அது அமெரிக்கா, வெங்கடேசு. இது கமிட்டி முடிவு" என்று தங்கச்சாமி சொல்லிவிட்டுப் போனான். நாலு எட்டு வைத்தவன் திரும்பி, "ஜெயிச்சானா தோத்தானா, அதை மட்டும் சொல்லு" என்றான். அவள் சொல்லவில்லை.

தோற்றான். ஆயுதக் கிடங்கைப் பிடிக்கப் போன அன்று, கூட வர வேண்டிய இன்னொரு கூட்டம் 'ஒரு நாள் கழித்து வருகிறோம்' என்று அனுப்பிய சேதி வழியில் எதிரி கையில் சிக்கிவிட்டது. ஷேஸின் ஆட்கள் தனியே போய் பீரங்கிக்கு முன் நின்றார்கள். இதைப் படித்தபோது வெங்கடேஸ்வரிக்குத் தன் சொந்த அண்ணன் தோற்றது போலக் கோபம் வந்தது. சேதி அனுப்பினால்தானே சிக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, வெள்ளைத்தாயிடம்கூட.

ஊர்வல நாள் வந்தது. மேளம் கொட்டியாகிவிட்டது. பெண்கள் பட்டு உடுத்தி, தலை நிறையப் பிச்சிப்பூ வைத்துக்கொண்டு முளைப்பாரி வீட்டு முன்னால் திரண்டு நின்றார்கள். வெங்கடேஸ்வரி உள்ளே கடைசியாகத் தண்ணீர் தெளித்தாள். ஒவ்வொரு சட்டியிலும் பெயர் எழுதி ஒட்டிய வெள்ளைச் சீட்டு இருந்தது. எல்லாவற்றையும் கிழித்துப் பூச்சட்டி நெருப்பில் போட்டாள். சட்டிகளை இடம் மாற்றி, மறுபடியும் இடம் மாற்றி, தன்னுடையது எது என்று தனக்கே தெரியாதபடி கலந்துவிட்டாள். பிறகு உள்தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மடிமேல் இரண்டு கைகளையும் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

ஆண்டிச்சாமி வாசலுக்கு வந்தார். "ஏத்தா வெங்கடேசு, கதவைத் தெற. நேரம் ஆகுது."

"தெறக்கேன் சின்ன மாமா. எல்லாப் பாரியும் வரும்னு மைக்குல சொல்லச் சொல்லுங்க."

"அதான் முடிவு எடுத்தாச்சுல்ல. பாக்கிக்காரவிய பாரி உள்ளயே இருக்கட்டும். மத்ததைக் குடு."

"எது யாருதுன்னு தெரியாது. சீட்டையெல்லாம் எரிச்சிட்டேன். வந்தா எல்லாம் வரும், இல்லைன்னா ஒண்ணும் வராது."

மேளம் நின்றது. கூட்டத்தில் ஓர் இளவட்டம், "கதவை ஒடைச்சிட்டா என்ன?" என்றான். அப்போதுதான் கமிட்டிக்கு உறைத்தது. கமிட்டியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஆம்பிளைகள். அந்தப் படியில் அவர்களில் ஒருவர்கூடக் கால் வைக்க முடியாது. பாரியை ஒதுக்கச் சொல்லி முடிவெடுத்த அன்றைக்கு, ஒதுக்க வேண்டிய கை யாருடையது என்று அவர்கள் யோசிக்கவே இல்லை. தங்கச்சாமி மெதுவாக வந்து படிக்கு முன்னால், கூட்டத்தைப் பார்த்தபடி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். கதவை உடைக்கிறேன் என்றவன் பின்னால் நகர்ந்துவிட்டான்.

ஆனால் பெண்களுக்குள்ளேயே முணுமுணுப்பு கிளம்பியது. "நாங்க வரி கட்டிருக்கோம்லா. எங்க பாரி என்ன பாவம் பண்ணுச்சு?" என்று ஒருத்தி சத்தமாகவே கேட்டாள். உள்ளே இருந்த வெங்கடேஸ்வரி சட்டிகளைத் திரும்பிப் பார்த்தாள். ஆம்பிளைகள் கத்தினால் அவள் தாங்குவாள். பெண்கள் கை நீட்டி என் பாரியைக் கொடு என்று கேட்டால் அவளால் இல்லையென்று சொல்ல முடியாது. ஷேஸும் இப்படித்தான் தனியே நின்றிருப்பான் என்று தோன்றியது. வெள்ளைத்தாயின் குரலை மட்டும் காணோம்.

அப்போது ஆண்டிச்சாமியின் மனைவி கருத்தம்மா, கூட்டத்துக்கு நடுவில், புதுப் பட்டுச் சேலையோடு தரையில் உட்கார்ந்தாள்.

"என்ன இது, எந்திரி" என்றார் ஆண்டிச்சாமி.

"முட்டு வலிக்கு. எல்லாப் பாரியும் வாரப்ப எந்திரிக்கேன்." கருத்தம்மா சேலையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "அம்மன் காசுல வட்டி வாங்காதீங்கன்னு அன்னைக்கே தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டீங்களா? நம்ம பாரியும் உள்ளதான் இருக்கு. வராட்டிப் போகட்டும்."

தலைவர் பெண்டாட்டியே உட்கார்ந்த பிறகு மற்றவர்கள் நிற்பது மரியாதையாக இல்லை. இன்னொருத்தி உட்கார்ந்தாள், பிறகு ஐந்தாறு பேர். சத்தம் போட்டவளும் புழுதியை ஒரு முறை தட்டிவிட்டு உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்கப் பட்டுச் சேலையாக இருந்தது. ஆம்பிளைகள் மட்டும் நட்ட கம்பம் போல நின்றார்கள்.

தங்கச்சாமி திரும்பாமலே, பின்னால் இருந்த கதவிடம் கேட்டான், தன்னுடைய பழைய குரலில், கண்மாய்வரை கேட்கும்படி. "ஏட்டி, அந்தக் கேப்டன் கதையை முடிக்கவே இல்லையே. பொறவு என்னதான் ஆச்சு?"

வெங்கடேஸ்வரி எழுந்து கதவோரம் வந்தாள். "படை தோத்துப்போச்சு. ஆனா அடுத்த சித்திரையில அங்கன தேர்தல் வந்துச்சு. பாதிக்கு மேல பழைய ஆளுங்களை ஜனங்க வீட்டுக்கு அனுப்பிட்டாவ. கவர்னரையும் சேத்து. வரியும் கொறஞ்சுச்சு."

வைகாசியில் கோயில் கமிட்டிக்குத் தேர்தல். அது ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஆண்டிச்சாமிக்கு மற்றவர்களைவிட நன்றாகவே தெரியும். அவர் தரையில் இருந்த பெண்களைப் பார்த்தார். தோப்புக்காரக் கூட்டாளிகளைப் பார்த்தார். அவர்கள் வீட்டுப் பெண்களும் தரையில்தான் இருந்தார்கள். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி, எல்லாப் பாரியும் வரட்டும்."

"வரி?" என்றாள் கருத்தம்மா, எழுந்திருக்காமல்.

"நெலம் தோப்பு உள்ளவன் அதுக்குத் தக்கன கட்டட்டும். இல்லாதவன் முடிஞ்சதைக் குடுக்கட்டும். வட்டியை விட்டுட்டோம். அசல் மெதுவா வந்தாப் போதும். போதுமா?"

"மைக்குல சொல்லணும் சின்ன மாமா" என்றது கதவு.

தங்கச்சாமி மைக்கைப் பிடித்தான். எத்தனையோ சாயங்காலங்களில் பாக்கிக்காரர்களின் பெயரை வாசித்த அதே குரலில், ஒரு சொல் விடாமல் அறிவித்தான். பிறகு மைக் சரியாக இல்லை என்று சொல்லி இன்னொரு தடவையும் அறிவித்தான். மைக்கில் ஒரு குறையும் இல்லை.

தாழ்ப்பாள் விலகியது. குலவைச் சத்தம் எழுந்தது. பெண்கள் உள்ளே போய் எது கைக்கு வந்ததோ அந்தச் சட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு வந்தார்கள். வெயில் படாமல் வளர்ந்த இளம்பயிர், சாயங்கால வெளிச்சத்தில் மஞ்சளும் பச்சையுமாகத் தெரு நீளத்துக்கு ஆடிக்கொண்டு போனது. கருத்தம்மா சுமந்தது வெள்ளைத்தாயின் பாரியாக இருக்கலாம், வெள்ளைத்தாய் சுமந்தது ஆண்டிச்சாமி வீட்டுப் பாரியாக இருக்கலாம். யாருக்கும் தெரியவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. வெங்கடேஸ்வரி கடைசிச் சட்டியை எடுத்துக்கொண்டு வரிசையின் முடிவில் நடந்தாள். விரதமும் புழுக்கமும் சேர்ந்து தலை கிறுகிறுத்தது, ஆனால் அவளுக்கு அன்று இருந்த சந்தோஷத்துக்குக் கண்மாய்வரை அல்ல, ராஜபாளையம்வரைகூட நடந்திருப்பாள்.

கண்மாய்க்கரை திரும்பும் இடத்தில் தேவதானத்துச் சம்பந்தி வீட்டார் நின்றிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா வெள்ளைத்தாயைப் பார்த்ததும் முன்னால் வந்து, வரிசையை எட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "இதுல எது மதினி ஒங்க வீட்டுப் பாரி?"

வெள்ளைத்தாய் நின்றாள். தலைச்சுமையோடு அப்படியே உடம்பைத் திருப்பி, தனக்கு முன்னால் போகிறவர்களையும் பின்னால் வருகிறவர்களையும், கடைசியில் வந்த வெங்கடேஸ்வரியையும் பார்த்தாள்.

"அம்புட்டும் எங்க பாரிதான் மதினி" என்றாள்.